அறிந்தோம் என்னும் செருக்கு

சென்ற ஞாயிறு கூட்டத்தில் ஓர் இளைஞர் எழுந்து, "எழுத்தறியாதவர் பொய்யை நம்புவது இயல்பு, கற்றவரும் நம்புவது ஏன்?" என வினவினார். அன்று சுருங்க விடை கூறி அமர்ந்தோம். அவ்விடை நமக்கே நிறைவளிக்கவில்லையாதலின் ஈண்டு விரித்துரைப்போம்.

நாம் ஆலையில் நூற்புப் பகுதியில் உழைத்த நாட்களில், ஓய்ந்த நேரமெல்லாம் தொழிற்சங்கப் படிப்பகத்து நூல்களைப் படித்துத் தள்ளினோம். பள்ளியை அதிகம் காணாத நமக்கு அதனால் ஒரு பெருமை ஏற்பட்டது. குடியிருப்பில் எவருக்கு நோய் கண்டாலும் நம்மைக் கேட்பர்; நாமும் தயங்காது சொல்வோம். பேதி கண்ட குழந்தைக்குத் தண்ணீர் கொடுக்கலாகாது என்பது நாம் உறுதியாய்ச் சொல்லிவந்தவற்றுள் ஒன்று. பழைய வைத்திய நூலொன்றில் படித்திருந்தோம். கண்ணாற் கண்டதும் அதற்கு ஒத்திருந்தது. கொடுத்த நீரெல்லாம் நீராகவே போகிறதே!

இம்மயக்கம் நமக்கு மட்டும் உரியதன்று. 1971-இல் வங்கதேச விடுதலைப் போரின்போது எல்லை கடந்து வந்த அகதிகளிடையே காலரா பரவிற்று. மேற்கு வங்கத்துப் போங்காவ் மருத்துவமனையில், நாளத்தில் ஏற்றும் உப்புநீர் தீரும் நிலை வந்தது. டாக்டர் திலீப் மகலனாபிஸ் துணிந்து, குளுக்கோஸும் உப்பும் சமையல் சோடாவும் கரைத்த நீரை, நோயாளரின் உறவினர் கையாலேயே புகட்டச் செய்தார். நூற்றுக்கு 30 போலிருந்த சாவு 4-க்கும் கீழே இறங்கிற்று. குடலில் சர்க்கரை உப்பைத் தன்னோடு உள்ளே சேர்க்கும். உப்பின் பின்னே நீரும் செல்லும். பேதி உடனே நில்லாவிடினும் உடல் வற்றாது. 1960-களிலேயே ஆராய்ச்சியாளர் கண்ட உண்மை இது. எனினும் மருத்துவர் பலர் நெடுநாள் நம்பவில்லை. ஊசியும் குழாயுமின்றிப் பாமரத் தாய் கரண்டியால் புகட்டுவது மருந்தாகுமோ என ஐயுற்றனர். அவர்கள் அறிவிலிகள் அல்லர். தாம் வருந்திக் கற்றதற்கு வெளியே ஓர் எளிய வழி இருத்தல் கூடும் என எண்ண இயலாதவர்கள்.

பின்னர் 1980 முதல் வங்கதேசத்தில் 'பிராக்' நிறுவனத்துப் பெண்கள் வீடு வீடாகச் சென்று, மூவிரல் சிட்டிகை உப்பு, ஒரு கைப்பிடி வெல்லம், அரைச் சேர் நீர் எனத் தாய்மாருக்குக் கற்பித்தனர். தாய்மார் தவறின்றி ஒப்பித்தனர். நோய் வந்தபோதோ பலர் கொடுக்கவில்லை. ஏனெனத் தேடியபோது, கற்பித்தவர்களிலேயே பலர் அக்கரைசலை நம்பாதிருந்தது வெளிப்பட்டது! அதன்பின் அவர்களுக்குக் காரணத்தை விளக்கினர். கற்பிப்பவளே முதலில் ஒரு மிடறு குடித்துக் காட்டவும் ஏற்பாடாயிற்று. வழக்கம் மெல்ல மாறிற்று. ஊர் ஊராய்ப் பேசித் திரியும் நம்மை இச்செய்தி சுட்டதுண்டு.

கேள்விப்பட்டதாலோ நூலிற் கண்டதாலோ ஏற்காதீர் எனப் பகவன் காலாமருக்கு அருளியதை நாம் அடிக்கடி எடுத்துரைக்கிறோம், பெரும்பாலும் பிறர் நம்பிக்கையைச் சாடுதற்கு. தம் கருத்தோடு பொருந்துகிறதென்பதாலும் ஏற்காதீர் என்று அங்கேயே கூறியிருப்பதை விட்டுவிடுகிறோம்.

நம் மனம் மாறியது ஓர் இரவில். பக்கத்து வீட்டுக் குழந்தைக்குப் பேதி. தண்ணீர் கூடாதென நாம் தடுத்து நின்றோம். அங்கு வந்த நர்ஸம்மா நம்மோடு வாதாடவில்லை. உப்பும் சர்க்கரையும் கரைத்துத் தாம் சிறிது அருந்தி, "கண்ணீரைவிடக் கரிக்கிறதா, பாருங்கள் ஐயா" என்று தம்ளரை நம்மிடம் நீட்டினார். கரண்டியையும் நம் கையிலேயே கொடுத்தார். விடியுமட்டும் புகட்டினோம். காலையில் குழந்தை சிறுநீர் கழித்தது. கண் திறந்து தாயைத் தேடிற்று. வாதத்தில் தோற்றிருப்போமாயின் மறுநாளே வேறொரு வாதம் தேடியிருப்போம்.

அதற்கு முந்திய கோடையில், அதே வரிசையில் மற்றொரு வீட்டிலும் அதே வார்த்தையைச் சொல்லியிருந்தோம். அக்குழந்தை பிழைக்கவில்லை. நாம் சொன்னது தவறென்று அப்பெற்றோரிடம் போய்க் கூற நமக்குப் பதினோராண்டு பிடித்தது. அத்தனை ஆண்டும் மேடைதோறும் பகுத்தறிவு பேசிக்கொண்டிருந்தோம். அன்று அவ்விளைஞருக்குச் சொல்லாது விட்டது இதுவே.