குறை ஒருவருக்கு, ஊசி ஒருவருக்கு

சிதம்பரத்திலிருந்து கடலூர் போகிற பஸ்ஸில் ஒரு பெண் ஐஸ் போட்ட டப்பாவை மடியில் வைத்திருந்தால், அது மீனாகத்தான் இருக்க வேண்டும் என்றில்லை. குழந்தைக்காகப் போடும் ஹார்மோன் ஊசியாகவும் இருக்கலாம். பல மருந்துகளுக்கு 2 முதல் 8 டிகிரி குளிர் வேண்டும்.

தினமும் அடிவயிற்றில் ஊசி. பத்துப் பன்னிரண்டு நாள். மாதம் ஒரு கருமுட்டை முதிர்கிற இடத்தில் பத்து, பதினைந்து. உடம்பு அதைத் தாங்காவிட்டால் வயிறு உப்பும், எடை திடீரென்று ஏறும், மூச்சு முட்டும். அபூர்வமாக உயிருக்கே ஆபத்து. அடிக்கடி ஸ்கேன் பார்த்து அளவைக் குறைக்க வேண்டும். மீறினால் அந்த மாதத்தையே கைவிட வேண்டும்.

அதெல்லாம் டாக்டர் சமாசாரம். எனக்கு உறுத்துவது வேறு. கணவருக்கு உயிரணு குறைவு என்றாலும் ஊசி மனைவிக்குத்தான்! 1992-ல் பெல்ஜியத்தில் 'இக்ஸி' முறையில் முதல் குழந்தை பிறந்தது. ஒரு முட்டைக்கு ஒரே ஓர் உயிரணு போதும். முட்டைகள் மட்டும் நிறைய வேண்டும். (கடன் ஒருவர் பெயரில், வட்டி கட்டுவது இன்னொருவர். பி.காம். படித்த எனக்கு இந்த லெட்ஜர் புரியவில்லை.) ஊரோ, 'அவளுக்குத்தான் ஏதோ கோளாறாம்' என்கிறது. கணவர் மறுத்துப் பேசுவதில்லை.

2021-ம் வருடச் சட்டப்படி இருவரும் எழுத்தில் சம்மதம் தர வேண்டும். கரு கருப்பைக்குள் போகும்வரை அதை வாபஸ் வாங்கலாம். சரி, நகை அடகில் இருக்கிறது, பணம் கட்டியாச்சு. 'இந்த மாசம் நிறுத்திடலாமா?' என்று டாக்டர் கேட்டால் அந்தப் பெண் என்ன சொல்வாள்? கூட வந்தவர்களின் முகத்தைத்தான் பார்ப்பாள். முதலில் வாய் திறக்க வேண்டியவர் பக்கத்து நாற்காலியில் இருக்கிறார். 'பணம் போனா போகுது டாக்டர், நிறுத்திடுங்க' என்று.