சிற்றுலகம் படைப்போர்

மாந்தர் செய்யும் செயல்களை இருவகையாகப் பகுக்கலாம். வயிற்றுக்காகவோ பிறர் கட்டளைக்காகவோ செய்யப்படுவது ஒரு வகை. எவரும் ஏவாமல், கூலி கருதாமல், செய்வதில் உள்ள நிறைவு ஒன்றையே நோக்கிச் செய்யப்படுவது மற்றொரு வகை. முன்னதை உலகம் உழைப்பு என்று போற்றுகிறது. பின்னதை விளையாட்டு என்று கூறிப் புறந்தள்ளுகிறது. ஆயின், பத்தாண்டு இருபதாண்டு என வாழ்நாளின் பெரும்பகுதியைக் கொடுத்து, கண்ணும் கையும் களைக்கச் செய்யப்படும் ஒரு பணி, பயன் தராத காரணத்தினால் மட்டும் விளையாட்டு ஆகிவிடுமா? பயன் கருதாச் செயலுக்கு அறத்தின் துலாக்கோலில் எடை உண்டா, இல்லையா? இவ்வினாவை ஆராயத் தத்துவ நூல்களைப் புரட்ட வேண்டுவதில்லை. தம் வீட்டின் ஓர் அறையில் குறு இரயில் உலகம் ஒன்றைப் படைத்துக்கொண்டிருக்கும் மனிதரை உற்று நோக்கினாலே போதும்.

பொம்மையும் மாதிரியும்

இங்கிலாந்து, அமெரிக்கா, ஜெர்மனி, ஜப்பான் முதலிய நாடுகளில் இக்கலையில் ஈடுபட்டோர் பலர். பரண், நிலவறை, தோட்டத்துக் கொட்டகை ஆகியவையே இவர்தம் பட்டறைகள். ஒட்டுப்பலகையால் மேடை அமைப்பர். கம்பிவலையின்மீது சுண்ணச்சாந்து பூசி மலை எழுப்புவர். தண்டவாளம் பதித்து, அதனடியில் பொடிக்கற்களைப் பரப்பிப் பசையிட்டு இறுக்குவர். நிலையம், பாலம், கைகாட்டி, கடைவீதி, மரம், மனிதர் என ஒவ்வொன்றாய்ச் சேர்ப்பர். பின்னர் மின்விசையால் வண்டிகளை ஓட்டுவர்.

இதன் தொடக்கம் குழந்தைகளின் விளையாட்டுப் பொருளே. ஜெர்மனியின் மார்க்லின் நிறுவனம் 1891ஆம் ஆண்டு லைப்சிக் நகரச் சந்தையில், சாவி முடுக்கினால் ஓடும் இரயிலைத் தண்டவாளத்துடன் காட்சிக்கு வைத்தது. லிவர்பூல் நகரத்து ஃபிராங்க் ஹார்ன்பியின் நிறுவனம் 1920இல் தன் பொம்மை இரயில்களை விற்பனைக்குக் கொண்டுவந்தது. இளமையில் அவற்றை உருட்டி மகிழ்ந்தோர் வளர்ந்தபின், பொம்மை அவர்களுக்குப் போதவில்லை. மெய்யான இரயிலைப் போன்றதொன்று வேண்டியிருந்தது.

பொம்மைக்கு அளவு வேண்டுவதில்லை. மாதிரிக்கோ அளவே உயிர். உலகில் மிகுதியாக வழங்கும் அளவு 1:87 என்பது. அவ்வளவில் ஒரு மனிதனின் உயரம் ஏறத்தாழ 2 சென்டிமீட்டர்; இரு தண்டவாளங்களுக்கு இடையே உள்ள அகலம் 16.5 மில்லிமீட்டர். பிரிட்டனில் 1:76 அளவு பெருவழக்கு. இடம் குறைந்தோர்க்கு 1:160 அளவும், 1972இல் மார்க்லின் அறிமுகப்படுத்திய 1:220 அளவும் உண்டு.

இவ்வளவுகள் படைப்போனுக்கு அடக்கத்தையும் கற்பிக்கின்றன. 1:87 அளவில் ஒரு கிலோமீட்டர் பாதைக்குப் பதினொன்றரை மீட்டர் நீளம் வேண்டும். இரண்டு ஊர்களுக்கு இடையே உள்ள மெய்யான தொலைவு எந்த வீட்டின் அறைக்குள் அடங்கும்? ஆகவே எதனை வைப்பது, எதனை விடுவது என்று ஒவ்வோர் அடியிலும் எண்ணித் துணிய வேண்டியுள்ளது. வளைவுகளைச் சுருக்குகின்றனர், பத்துத் தெருக்களுக்கு ஈடாக ஒரு தெருவை வைக்கின்றனர். முழுமையைத் தர இயலாது என்று அறிந்தும், தரக்கூடிய சிறு பகுதியைப் பிழையின்றித் தர முயல்கின்றனர். ஆசிரியப் பணியில் உள்ளோர்க்கு இது புதிய செய்தியன்று.

பயன் இல்லை என்னும் குற்றச்சாட்டு

இவர்கள்மீது சாட்டப்படும் முதற்குற்றம், காலமும் பொருளும் வீணாகின்றன என்பதாகும். அக்கூலியில்லா நேரத்தில் நோயாளி ஒருவருக்குத் துணை நின்றிருக்கலாம், ஏழை மாணவனுக்குப் பாடம் சொல்லியிருக்கலாம் என்பர். இவ்வாதத்தில் உண்மை இல்லாமல் இல்லை. மனைவி மக்களைக் கவனியாமல் விட்டுத் தண்டவாளத்தில் கண் வைத்திருப்பவன் குற்றவாளியே. கடமையை விழுங்கும் கலை எதுவாயினும் அதற்கு இதே தீர்ப்புத்தான். இசைக்கும் இது பொருந்தும், இலக்கியத்திற்கும் பொருந்தும்.

ஆயின், கடமைகளை முடித்தபின் எஞ்சும் பொழுதில் இவர்கள் நடந்துகொள்ளும் முறை கருதத்தக்கது. நெடுநாள் உழைத்து அமைத்த பாதையில் வண்டிகளைச் சும்மா சுற்றவிட்டு வேடிக்கை பார்ப்பதோடு பலர் அமைவதில்லை. கால அட்டவணை ஒன்று வகுக்கின்றனர். நண்பர்கள் ஒருநாள் மாலை கூடி, ஒருவர் ஓட்டுநராகவும், ஒருவர் நிலைய அதிகாரியாகவும், ஒருவர் போக்குவரத்தைக் கட்டுப்படுத்துபவராகவும் பொறுப்பேற்கின்றனர். விரைந்தோடும் தனிக் கடிகாரம் ஒன்றும் சுவரில் தொங்கும். அது ஆறு மடங்கு வேகத்தில் ஓடினால் ஒரு நாள் நான்கு மணி நேரத்தில் கழியும். எந்தச் சரக்குப்பெட்டி எந்த ஆலைக்குச் செல்ல வேண்டும் என்பதற்குச் சீட்டும் உண்டு. கைகாட்டி இறங்காத வரையில் வண்டி நகராது. மீறினால் தண்டிப்பார் எவருமில்லர். பெட்டிகளில் சரக்கும் இல்லை, பயணியும் இல்லர். இருந்தும் மீறுவதில்லை. தண்டனைக்கு அஞ்சி விதியைக் காப்பது ஒன்று. தாமே ஏற்ற விதிக்குத் தாமே கட்டுப்படுவது வேறொன்று. ஒழுக்கம் என்னும் சொல் முழுப்பொருளோடு பொருந்துவது இரண்டாவதற்கேயாகும்.

புகழ்பெற்ற பாடகர் ராட் ஸ்டூவர்ட்டின் செய்தி இங்கு எண்ணத்தக்கது. அமெரிக்க நகரம் ஒன்றையும் அதனூடே ஓடும் இரயில் பாதைகளையும் 1:87 அளவில் தம் லாஸ் ஏஞ்சலிஸ் இல்லத்தில் அவர் பல ஆண்டுகள் உழைத்து அமைத்தார். இசைப்பயணம் சென்ற ஊர்களிலும் விடுதியில் இதற்கெனத் தனியறை எடுத்துக் கட்டடங்களைச் செய்துவந்தார். 2019இல் இச்செய்தி வெளியானபோது, இதனை அவரே செய்திருக்க மாட்டார் என்னும் கருத்து ஒரு வானொலி நிகழ்ச்சியில் எழுந்தது. உடனே அவர் அந்நிகழ்ச்சிக்குத் தொலைபேசியில் அழைத்து, பத்தில் ஒன்பது பங்கு தம் கைவேலையே என்று தெளிவுபடுத்தினார். பாட்டினால் உலகப் புகழும் பெரும்பொருளும் பெற்றவர் அவர். குறு நகரத்தால் அவர் அடைய வேண்டியது ஒன்றுமில்லை. எனினும், கூலி வாங்காத அந்த உழைப்பைப் பிறர் பெயரில் எழுதுவதை அவரால் பொறுக்க இயலவில்லை. பொருளைத் தரலாம், செய்தவன் என்னும் நிலையைத் தர மனம் ஒப்புவதில்லை.

தப்பியோடுதலும் பொய்யும்

இரண்டாம் குற்றச்சாட்டு இதனினும் கூரியது. இவர்கள் மெய்யுலகைக் கண்டு அஞ்சி, தாமே ஆண்டவனாய் அமரத்தக்க ஒரு குற்றுலகுக்குள் ஒளிந்துகொள்கின்றனர் என்பது அது. அங்கே பஞ்சமில்லை, பூசலில்லை, முதுமையும் இல்லை. ஒளிந்துகொள்வோர் சிலர் இருத்தல் கூடும். ஆயின் ரோய் இங்கிலண்ட் என்பவரின் வாழ்வு வேறு விதமாகச் சான்று பகர்கிறது.

ஆஸ்திரேலியாவில் பிறந்த இவர் 1925இல் இங்கிலாந்துக்கு வந்தார். இரயில்மீது கொண்ட காதல் அவரை அங்கு ஈர்த்தது. வெள்ளைக்குதிரைப் பள்ளத்தாக்கு எனப்படும் பகுதியின் சிற்றூர்களில், நூற்றாண்டுகள் கண்ட வைக்கோற் கூரை வீடுகள் ஒவ்வொன்றாய் உருமாறுவதையும் மறைவதையும் கண்டு அவர் உள்ளம் நொந்தது. தடுத்து நிறுத்தும் ஆற்றல் அவரிடம் இல்லை. ஆகவே, மறைவதற்கு முன் அவற்றை 1:76 அளவில் பதிவு செய்வதென்று துணிந்தார். லாங் விட்டன்ஹம் என்னும் ஊரில் 1954இல் அவர் நிறுவிய பெண்டன் அரும்பொருளகம் அத்துணிவின் விளைவு. அவர் மறைந்த பின்னும் தன்னார்வலர்கள் அப்பணியைத் தொடர்கின்றனர். 1920களையும் 30களையும் சார்ந்த வீடுகளின் அளவையும் சுவரின் நிறத்தையும் தோட்டத்தின் அமைப்பையும் ஆய்ந்தறிந்த பின்னரே ஒவ்வொன்றையும் செய்கின்றனர். ஒரு வீட்டைச் செய்வதற்காக, அவ்வீட்டைக் கட்டியவனும் பார்த்திராத அளவு உன்னிப்பாக அதனைப் பார்ப்பவனை உலகை விட்டு ஓடியவன் என்பது எங்ஙனம்?

மூன்றாம் குற்றச்சாட்டு, சிறிதாக்கப்பட்டது அழகாகிவிடுகிறது. அழகானது பொய்யாகிவிடுகிறது என்பதாகும். இதனை எளிதில் தள்ளிவிட இயலாது. மலாயாவில் முதல் இரயில் பாதை தைப்பிங்குக்கும் போர்ட் வெல்ட்டுக்கும் இடையே 1885இல் திறக்கப்பட்டது. இந்நாட்டின் இருப்புப்பாதைகளில் தமிழ்த் தொழிலாளரின் வியர்வை கலந்துள்ளது. சப்பானியர் ஆட்சியில் 1942–43ஆம் ஆண்டுகளில் சயாமுக்கும் பர்மாவுக்கும் இடையே அமைக்கப்பட்ட 415 கிலோமீட்டர் பாதையிலோ, மலாயாத் தோட்டங்களிலிருந்து கொண்டுசெல்லப்பட்ட தமிழர் ஆயிரக்கணக்கில் மாண்டனர். மேசைமேல் வளைந்தோடும் குறு இரயிலைக் காணும் மலேசியத் தமிழன், தண்டவாளத்தைச் சுமந்த தோள்கள் இங்கே எங்கே என்று கேட்டால், அக்கேள்வி நியாயமானதே.

இதற்கு முழு விடை இல்லை. பாதி விடை உண்டு. அப்பாதி விடையைத் தம் கையால் எழுதியவர் அமெரிக்காவின் ஜான் ஆலன். கலிபோர்னியாவின் மான்டெரி நகரில், தம் வீட்டு நிலவறையில், தரையிலிருந்து கூரை வரை எழுந்த மலைகளின் ஊடே இரயில் பாதை அமைத்தவர் அவர். அக்காலத்து மாதிரிகள் கடையில் வாங்கிய பளபளப்போடு மின்னிக்கொண்டிருந்தன. ஆலனோ தம் இஞ்சின்களுக்குத் துருவும் கரியும் பூசினார். கட்டடங்களின் சாயம் வெளிறச் செய்தார். வேலை செய்யும் பொருள் தேயும், மனிதர் புழங்கும் இடம் அழுக்குறும் என்னும் உண்மையை மறைக்க அவர் விரும்பவில்லை. வியர்வையை எந்த மாதிரியிலும் காட்ட இயலாது. ஆனால் உழைப்பின் தழும்பைத் துடைத்தெறியாமல் இருக்க இயலும். அத்தழும்பைக் கண்டு, அதன்பின் இருந்த மனிதனை எண்ணிப் பார்ப்பது காண்போனின் பொறுப்பு.

சிற்றில் சிதைந்தபோது

தமிழில் ஆண்பாற் பிள்ளைத்தமிழின் இறுதிப் பருவங்களாகச் சிற்றிலும் சிறுபறையும் சிறுதேரும் அமைந்துள்ளமை ஆசிரியர் மாணவர் அனைவரும் அறிந்ததே. சிறுதேரின் வழித்தோன்றல் என்று குறு இரயிலைக் கூறுதல் தகும். சிற்றில் பருவத்திலோ, சிறுமியர் மணலில் கட்டிய வீட்டைத் தன் கால்களால் சிதைக்க வரும் பிள்ளையிடம், சிதைக்காதே என்று அவர்கள் இறைஞ்சுகின்றனர். மணல் வீடு நில்லாது என்பதைக் கட்டிய சிறுமியரும் அறிவர். பாடிய புலவரும் அறிவர். எனினும் அவ்விறைஞ்சலுக்கென்றே ஒரு பருவத்தை முழுமையாக ஒதுக்கியது தமிழ் மரபு.

ஆலன் 1973ஆம் ஆண்டு சனவரித் திங்களில் தம் 59ஆம் வயதில் மாரடைப்பால் காலமானார். அவர் மறைந்த பத்தாம் நாள் அவ்வில்லத்தில் தீப்பற்றியது. இருபதாண்டு உழைப்பின் பெரும்பகுதி சாம்பலாயிற்று. அதே காலத்தை ஒட்டி இங்கிலாந்தில் வாழ்ந்த ஜான் ஆஹெர்ன் என்பவரும் மேடர் பள்ளத்தாக்கு இரயில் என்னும் கற்பனைப் பாதையை அதே அன்போடு படைத்தார். 1961இல் அவர் மறைந்த பின்னர், அது பெண்டன் அரும்பொருளகத்தில் இடம்பெற்று இன்றும் பாதுகாக்கப்படுகிறது. ஒருவர் படைப்பு நின்றது. மற்றவர் படைப்பு எரிந்தது. அதனால் ஆஹெர்னின் உழைப்பு மேலானது, ஆலனின் உழைப்பு வீண் என்று தீர்ப்பளிக்க எவரும் துணியார். நிலைத்தல் செய்தவனின் கையில் இல்லை; செம்மை மட்டுமே அவன் கையில் உண்டு. அவன் கையில் உள்ளதைக் கொண்டே அவனை அளத்தல் முறை.

தீக்கு அறிவில்லை, ஆகவே அதன்மீது குற்றமும் இல்லை. 2019 மே மாதம் இங்கிலாந்தின் ஸ்டாம்ஃபோர்டில் நடந்ததோ அத்தகையதன்று. ஒரு பள்ளி மண்டபத்தில் மார்க்கெட் டீப்பிங் மாதிரி இரயில் கழகத்தார் கண்காட்சி ஒன்றுக்கு ஏற்பாடு செய்திருந்தனர். கண்காட்சி தொடங்குமுன் இரவில் உட்புகுந்த இளைஞர் சிலர், வைக்கப்பட்டிருந்தவற்றை அடித்து நொறுக்கினர். காலையில் வந்த முதியவர்கள் கண்டது தரையெங்கும் சிதறிய சில்லுகளையே. கழகத்தார் பொதுமக்களிடம் கேட்ட உதவி 500 பவுன். வந்து குவிந்ததோ ஒரு இலட்சம் பவுனுக்கும் மேல். ராட் ஸ்டூவர்ட்டும் 10,000 பவுன் அளித்தார்.

கொடுத்தவர்களில் பெரும்பாலோர் அம்மாதிரிகளைக் கண்டவர் அல்லர். இரயில் மாதிரிகளில் நாட்டம் உடையவராயும் இருந்திருக்க வேண்டுவதில்லை. பயனில்லாப் பொருள் உடைந்ததற்கு உலகம் ஏன் உருக வேண்டும்? உடைந்தது அட்டையும் மரமும் மட்டுமாயின் உருகியிரார். ஒரு மனிதன் தன் உள்ளத்தின் கவனத்தை ஆண்டுக்கணக்கில் ஊற்றி வைத்த கலம் உடைந்தது என்பதை அவர்கள் உணர்ந்தனர். உடைத்த இளைஞர்க்கு அவ்வுணர்வு இல்லை. சிற்றில் சிதைக்கும் பிள்ளைக்கு அறியாப் பருவம் காவலாகும். வளர்ந்தவர்க்கு அக்காவல் இல்லை. தாமே ஒரு பொருளைப் பல நாள் பொறுமையாகச் செய்து பார்த்தவன், பிறர் செய்த பொருளின்மீது கை ஓங்கத் தயங்குவான். அத்தயக்கத்தை அறிவுரையால் மட்டும் ஊட்டிவிட முடியாது. கையால் செய்து பழகிய பழக்கமே அதனை ஊட்டவல்லது.

ஆசிரியர்க்கு ஒரு சொல்

இவற்றைத் தொகுத்து நோக்கின், பயன் கருதாப் பணியின் தகுதியை அதனால் வரும் பொருளைக் கொண்டோ, அது நிலைக்கும் காலத்தைக் கொண்டோ அளத்தல் ஆகாது என்பது விளங்கும். எவரும் வற்புறுத்தாத இடத்தில் செய்பவன் எத்துணை நேர்மையோடு செய்தான் என்பதே முதல் அளவுகோல். அப்பணியில் பழகிய கண், சிற்றுலகை விட்டு வெளியே வந்து பேருலகையும் அதில் வாழும் மனிதரையும் அதே கவனத்தோடு காண்கிறதா என்பது இரண்டாம் அளவுகோல். முதலாவது மட்டும் இருந்தால் அவன் நல்ல கைவினைஞன். இரண்டும் இருந்தால், அவன் விளையாட்டு அறத்தோடு சேர்ந்தது.

வகுப்பறையின் பின்மூலையில், தீப்பெட்டிகளை ஒட்டி வீடு செய்துகொண்டிருக்கும் மாணவன் ஒருவன் எல்லாப் பள்ளிகளிலும் இருக்கிறான். அவ்வேலைக்கு மதிப்பெண் இல்லை. தேர்வில் அது வாராது. எவர் கண்ணிலும் படாத பின்சுவருக்கும் அவன் வண்ணம் தீட்டுகிறானா என்று ஆசிரியர் ஒருகணம் நின்று பார்க்கட்டும். தீட்டுகிறான் என்றால், அதனைப் பிடுங்கி எறியுமுன் சற்றே பொறுத்தல் நலம்.