அரசன் எழுதினால் பாட்டு உயருமா?

சென்னைத் துறைமுகத்துக்குச் சரக்கு ஏற்றிப் போகும் கன்டெய்னர் லாரிகள் வரிசைகட்டி நிற்கும் எண்ணூர் விரைவுச் சாலையை ஒட்டி, திருவொற்றியூர்க் கடற்கரையில் இருக்கிறது பட்டினத்தார் கோயில். ஆடி மாதம் உத்திராடத்தன்று அங்கே குருபூசை. கோவணம் மட்டும் கட்டிய அந்தச் சாமியாரைப் பற்றிப் பேச ஆரம்பித்தால், பேச்சு தானாகவே அவருடைய சீடரிடம் போய் நிற்கும். சீடர் பெயர் பத்திரகிரியார். அவர் ஒரு ராஜா.

கதை ஊரறிந்தது. திருட்டுப் பழி சுமத்திப் பட்டினத்தாரைக் கழுவேற்ற உத்தரவிட்டவர் இந்த ராஜா. கழுமரம் தீப்பற்றி எரிந்தது. அதைக் கண்டவர் முடியை இறக்கி வைத்துவிட்டு, தான் தண்டித்தவருக்கே சீடரானார். பிறகு திருவிடைமருதூர்க் கோபுர வாசலில் பிச்சை எடுத்தார். கையில் ஒரு திருவோடு, காலடியில் ஒரு நாய். 'அவன் சம்சாரி' என்று குரு சொன்னது காதில் விழுந்ததும் ஓட்டை வீசினார். அது நாயின் தலையில் பட்டு நாய் செத்தது. பத்திரகிரியார் பாடியதாக நம்மிடம் இருப்பது 'மெய்ஞ்ஞானப் புலம்பல்'. கண்ணிக்குக் கண்ணி, 'எக்காலம்' என்ற ஏக்கத்திலேயே முடியும் நூல் அது.

இந்தப் புலம்பலைப் பாடுபவர்களிடமும் கேட்பவர்களிடமும் ஒரு நம்பிக்கை உண்டு. ராஜாவே இப்படிப் பாடினார் என்றால் அதில் உண்மை இருக்கத்தானே வேண்டும்? இங்கே கொஞ்சம் நிற்க வேண்டியிருக்கிறது. ஒரு சொல்லின் மெய்யை, அதைச் சொன்னவர் விட்டுவந்த சொத்தைக் கொண்டு அளக்கலாமா? துறந்த பிறகும் கிரீடம் பாட்டுக்குப் பின்னால் நின்று சிபாரிசு செய்கிறது என்றால், துறவு என்னதான் ஆனது?

இன்னொரு சிக்கலும் உண்டு. பத்திரகிரியாரை உஜ்ஜயினி மன்னன் பர்த்ருஹரி என்றே சொல்லும் வழக்கம் இருக்கிறது. ஏழாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் இந்தியா வந்த சீனத் துறவி இத்சிங், பர்த்ருஹரி என்ற அறிஞரைப் பற்றி எழுதியிருக்கிறார். புத்த மடத்துக்கும் இல்லறத்துக்கும் இடையே அவர் ஏழு முறை போய்வந்தாராம். அந்தக் குறிப்பில் அவர் அறிஞர்தான், அரசர் அல்லர். பட்டினத்தாரைப் பத்தாம் நூற்றாண்டில் வைத்தால் காலமும் ஒத்துவராது. ஆக, பத்திரகிரியார் அரியணையே ஏறாதவராக இருக்கலாம். இருந்தால் என்ன? புலம்பலில் ஒரு கண்ணிகூடக் குறைந்துவிடாது. குறைவதெல்லாம், அதைக் கேட்க உட்காரும் முன்பே நமக்குள் எழும் மரியாதை மட்டுமே.

மரியாதை எவ்வளவு சுலபமோ, சந்தேகமும் அவ்வளவு சுலபம். அரசர் பெயரில் நூல் வந்தால், 'யாரோ எழுதிக் கொடுத்திருப்பார்கள்' என்று சொல்ல ஆள் இல்லாத காலமே இல்லை. ஹர்ஷரின் பெயரில் 'ரத்னாவளி', 'நாகானந்தம்', 'பிரியதர்சிகா' என்று மூன்று நாடகங்கள் உண்டு. பதினோராம் நூற்றாண்டில் காஷ்மீரத்து மம்மடர், கவிதையால் பொருளும் கிடைக்கும் என்பதற்கு உதாரணமாக, ஹர்ஷரிடம் செல்வம் பெற்ற தாவகர் என்ற கவிஞரைக் குறிப்பிட்டார். அவர் சொன்னது அவ்வளவுதான். பின்னால் வந்த உரைக்காரர்கள், தாவகர் நாடகம் எழுதி ராஜாவுக்கு விற்றுவிட்டார் என்றே விளக்கினார்கள். இங்கிலாந்தில் 1649இல் முதலாம் சார்லஸின் தலையை வெட்டிய கையோடு, அவரே எழுதிய தியானங்கள் என்று ஒரு நூல் வெளிவந்து, பதிப்புக்கு மேல் பதிப்பு கண்டது. அதை எதிர்த்து மில்டன் அதே ஆண்டில் மறுப்பு எழுதினார். பிற்பாடு ஜான் காடன் என்ற பாதிரியார், எழுதியவன் நான்தான் என்று உரிமை கேட்டார். வியந்தவர்களும் சரி, சந்தேகப்பட்டவர்களும் சரி, பெரும்பாலும் பார்த்தது அட்டையில் இருந்த பெயரைத்தான்.

திருவொற்றியூர்க் கோயில் கல்வெட்டு ஒன்று இந்த விஷயத்தை வேறு திசையிலிருந்து காட்டுகிறது. 949இல் தக்கோலப் போரில் சோழ இளவரசர் ராஜாதித்தர் யானை மேலேயே உயிர்விட்டார். அவருடைய நண்பரும் படைத்தலைவருமான கேரளத்து வல்லபருக்கு, அவரோடு சேர்ந்து சாகக் கொடுத்துவைக்கவில்லை. அந்த வேதனையில் கங்கைக்குப் போய் நீராடி, திருவொற்றியூருக்கு வந்து துறவியாகி, சதுரானன பண்டிதர் என்ற பெயரில் மடத்துத் தலைவரானார். இதைச் சொல்லும் கல்வெட்டு வெட்டப்பட்டது சோழர் ஆட்சியில் அன்று. வென்ற ராஷ்டிரகூட மன்னன் மூன்றாம் கிருஷ்ணனின் ஆட்சியாண்டில். அதாவது, இந்த ஊர் அப்போது சோழர் கையைவிட்டுப் போயிருந்தது.

அண்ணன் ராஜாதித்தர் விழுந்த பிறகு பட்டத்துக்கு வந்தவர் கண்டராதித்தர், செம்பியன் மாதேவியின் கணவர். சுமார் 950 முதல் 957 வரை ஆண்டார். திருவொற்றியூர் இருக்கும் தொண்டை மண்டலத்தை அவர் மீட்கவில்லை. ஆனால் தில்லை அம்பலத்தைப் பற்றி ஒரு பதிகம் பாடினார். அது ஒன்பதாம் திருமுறையில் இருக்கிறது. இதை வைத்து, நாடு பறிபோன நேரத்தில் பாட்டுப் பாடிக்கொண்டிருந்தவர் என்று அவரைப் பலவீனர் கணக்கில் எழுதுவது சுலபம். சிவநேசச் செல்வர் என்பதாலேயே பாட்டை உயர்த்திவிடுவதும் சுலபம்.

பதிகத்தைக் கொஞ்சம் பொறுமையாகப் படித்தால் வேறொன்று தெரிகிறது. பாண்டிய நாட்டையும் ஈழத்தையும் வென்று தில்லைக்குப் பொன் வேய்ந்த தன் தந்தை பராந்தகரை அதில் நினைவுகூர்கிறார். முடிவில் தன்னைக் கோழி வேந்தன் என்றும் தஞ்சைக் கோன் என்றும் சொல்லிக்கொள்கிறார். பட்டத்தை அவர் ஒளிக்கவில்லை. ஆனாலும் பாட்டுக்குப் பாட்டு, அம்பலத்து அமுதை நான் என்று அடைவேன் என்ற ஏக்கத்திலேயே போய் முடிகிறது. பத்திரகிரியாரும் கேட்பது 'எப்போது' என்றுதான். ஒருவர் முடியைத் துறந்ததாகக் கதை சொல்லப்படுபவர்; மற்றவர் முடியோடே இருந்தவர். இருவரையும் ஒரே கேள்வி பிடித்து ஆட்டியிருக்கிறது. உத்தரவு போட்டால் எதுவும் நடக்கும் என்று நம்ப வைக்கும் இடம் அரண்மனை. அங்கே இருந்துகொண்டு, தன் கைக்கு எட்டாதது ஒன்று உண்டு என்று கண்டு, அதை ஊரறியப் பாட்டிலும் வைப்பது சாதாரண அறிவு ஆகாது. அரசர் எழுத்தில் தேடவேண்டியது இதைத்தான் என்று தோன்றுகிறது. அவருடைய அதிகாரத்தால் வாங்க முடியாதது எதுவோ, அது அந்த எழுத்துக்குள் வந்திருக்கிறதா?

அதிகாரத்தால் வாங்க முடியாதது ஒன்று உண்டு என்ற இந்த உணர்வு அரசர்களுக்கே இருந்திருக்கிறது. தலையாலங்கானத்துப் போரில் வென்ற பாண்டியன் நெடுஞ்செழியன் பாடிய வஞ்சினம் புறநானூற்றில் இருக்கிறது. பகைவரை வெல்லாவிட்டால் மாங்குடி மருதன் தலைமையிலான புலவர்கள் என் நாட்டைப் பாடாது விடட்டும் என்கிறான். தானே கவிஞனாக இருந்தும் மதிப்பிடும் உரிமையைப் புலவர்களிடம் விட்டிருக்கிறான். பன்னிரண்டாம் நூற்றாண்டில் இரண்டாம் ராஜாதிராஜர் திருவொற்றியூருக்கு வந்து, அப்போதைய சதுரானன பண்டிதரோடு அமர்ந்து, சுந்தரரின் கதையான ஆளுடைய நம்பி ஸ்ரீபுராணத்தைக் கேட்டதாக இங்குள்ள கல்வெட்டு சொல்கிறது. சுந்தரர் சங்கிலியாரை மணந்த இதே ஊரில், அவர் கதையைப் பிறர் சொல்லக் கேட்பவராக ஓர் அரசர் இருந்திருக்கிறார்.

திருவிசைப்பாவும் திருப்பல்லாண்டும் சேர்ந்த ஒன்பதாம் திருமுறையில் பாடியவர்கள் ஒன்பது பேர். கண்டராதித்தர் அவர்களில் ஒருவர். சேந்தனார் இன்னொருவர், காவிரிப்பூம்பட்டினத்தில் பட்டினத்தார் செல்வராக இருந்த நாளில் அவருடைய கணக்கராக இருந்தவர் என்று மரபு சொல்கிறது. கோயில்களில் ஓதுவார்கள் பஞ்சபுராணம் பாடும்போது தேவாரம், திருவாசகம், திருவிசைப்பா, திருப்பல்லாண்டு, பெரியபுராணம் என்று வரிசையாக ஒவ்வொன்றிலிருந்தும் ஒரு பாட்டு எடுப்பார்கள். திருவிசைப்பாவுக்கான அந்த ஓர் இடத்தில் ராஜாவின் பாட்டும் வரலாம், மற்ற எட்டுப் பேருடையதும் வரலாம். திருப்பல்லாண்டுக்கான இடமோ சேந்தனாருக்கு மட்டுமே உரியது. இப்படித்தான் பாடவேண்டும் என்று எந்த அரசாணையும் இல்லை. பாடிப் பாடி, கேட்டுக் கேட்டு, அடியார்கள் கணக்கருக்குக் கொடுத்த இடம் அது.