கடல்வாழ் உயிர்களின் நோவும் அறிவின் படிநிலையும்

தொல்காப்பியத்தின் மரபியல் உயிர்களை அவை பெற்றுள்ள அறிவின் எண்ணிக்கையைக் கொண்டு ஆறாக வகுக்கிறது. ஊறு, சுவை, நாற்றம், காட்சி, கேள்வி என ஒவ்வொரு புலனாக ஏறிச் சென்று, ஆறாவதாக மனத்தைச் சேர்த்து, மனிதரை மேல்நிலையில் நிறுத்தும் அந்த வரிசையில் புல்லும் மரமும் ஓரறிவும், நத்தையும் சிப்பியினமும் ஈரறிவும், கறையானும் எறும்பும் மூவறிவும், நண்டும் தும்பியும் நாலறிவும் உடையனவாக வைக்கப்பட்டுள்ளன. சமணத் தத்துவ நூலாகிய தத்துவார்த்த சூத்திரமும் புழு, எறும்பு, வண்டு, மனிதர் என ஏறத்தாழ இதே ஏணியைத் தருகிறது. நண்டுக்கு மூக்கு உண்டா என்று ஐயம் எழுப்பிய பழைய உரை, நூலாசிரியர் கூறியதால் உண்டு என்றே கொள்ள வேண்டும் என அமைதி கண்டது. நண்டு தன் சிறிய உணர்கொம்புகளை நீரில் விசிறி மணத்தை அறிகிறது என்று உயிரியல் பின்னாளில் காட்டியிருப்பதால், அந்த இடத்தில் பழைய வகைப்பாடு கூர்ந்து நோக்கியவர்களின் வேலை என்று தயங்காமல் சொல்லலாம்.

ஆயினும் இந்த ஏணி அளப்பது ஓர் உயிர் எத்தனை வாயில்களால் உலகை அறிகிறது என்பதை மட்டுமே. அந்த உயிர் துன்புறுமா, துன்புறுமாயின் அத்துன்பத்துக்கு மனிதர் எந்த அளவுக்குப் பொறுப்பேற்க வேண்டும் என்னும் கேள்விக்குப் புலன்களின் எண்ணிக்கை விடையாகுமா என்பது தனியே ஆராயத்தக்கது. கடலில் வாழும் முதுகெலும்பற்ற உயிர்களே இக்கேள்வியை மிகக் கூர்மையாக எழுப்புகின்றன.

கடற்கரை மக்கள் பேய்க்கணவாய் என்று அழைக்கும் எட்டுக்கை உயிர், இன்றைய வகைப்பாட்டின்படி நத்தைக்கும் சிப்பிக்கும் உறவான மெல்லுடலி இனத்தைச் சேர்ந்தது. உறவுமுறை ஒன்றையே கருதினால் அதனை ஈரறிவுயிர்களின் பக்கத்தில் வைக்க வேண்டியிருக்கும். ஆனால் அதன் உடலில் ஏறத்தாழ 50 கோடி நரம்பணுக்கள் உள்ளன. மூன்று இதயங்கள் செம்பு கலந்த நீல நிறக் குருதியைச் செலுத்துகின்றன. கைகளிலுள்ள உறிஞ்சிகள் தொடும்போதே சுவைக்கவும் செய்வதால், ஊறும் சுவையும் தனித்தனிப் படிகளாக நிற்காமல் ஓர் உறுப்பிலேயே ஒன்றுகூடுகின்றன. கண்ணில் ஒரே ஒரு நிறமிப் பொருளைக் கொண்ட இவ்வுயிர் நிறங்களை நம்மைப்போல் பிரித்தறிய இயலாதது எனக் கருதப்படினும், சூழலுக்கேற்பத் தன் தோலின் நிறத்தை நொடிப்பொழுதில் மாற்றிக்கொள்கிறது. இவை அனைத்தினும் வியப்புக்குரியது, அதன் நரம்பணுக்களில் ஏறத்தாழ மூன்றில் இரு பங்கு தலையில் இல்லாமல் கைகளில் பரவியிருப்பதும், உடலினின்று துண்டிக்கப்பட்ட கை சிறிது நேரம் தூண்டலுக்கு எதிர்வினை காட்டுவதுமே ஆகும்.

கையில் காயம் பட்டால் நோவை உணர்வது யார், கையா தலையா என்னும் கேள்வி இங்கே எழுகிறது. இதற்கு இந்திய மெய்யியல் மரபுகள் ஆன்மாவின் அளவு பற்றி நடத்திய பழைய விவாதம் எதிர்பாராத துணையாக அமைகிறது. இராமானுசரின் விசிட்டாத்வைதத்தில் ஆன்மா அணுவளவினது. அதன் அறிவே உடலெங்கும் பரவி, காலில் தைத்த முள்ளையும் உணரச் செய்கிறது. சமணரோ ஆன்மா தான் எடுத்த உடலின் அளவாக விரிந்தும் சுருங்கியும் நிற்கிறது என்றனர். ஆகவே அவர்கள் கொள்கையில் உணர்வு ஓர் இருக்கையில் அமர்ந்து செய்தி பெறுவதாகாமல், உடல் உள்ள இடமெல்லாம் உடனிருப்பதாகும். கிழங்கு முதலிய சில தாவரங்களில் ஓருடலை எண்ணற்ற உயிர்கள் பகிர்ந்து வாழ்கின்றன என்றும் அவர்கள் கொண்டதால், ஓருடலுக்கு ஓருயிர் என்னும் கணக்கையும் அவர்கள் எல்லா இடத்திலும் கட்டாயமாக்கவில்லை. கணவாயின் நரம்பமைப்பைச் சமணர் அறிந்திருந்தனர் என்று இதற்குப் பொருள் கொள்ளலாகாது. உணர்வுக்கு மனித உடலின் அமைப்பே ஒரே வடிவம் என்று எண்ணாத ஒரு மெய்யியல் இந்த மண்ணில் இருந்தது என்பதே கருதத்தக்கது. இன்றைய விலங்குநல விவாதத்துக்கு மிகவும் தேவையான மனநெகிழ்வும் அதுவே.

ஏனெனில் இவ்விவாதத்தில் அடிக்கடி எழும் மறுப்பு உடலமைப்பைப் பற்றியது. தீங்கு தரும் தூண்டலை நரம்பு உணர்ந்து உடல் தானாக விலகுவது ஒன்று. அத்தீங்கை அவ்வுயிர் வலியாக அனுபவிப்பது வேறொன்று. முன்னது எளிய உயிர்களிலும் உண்டு. பின்னதற்குப் பாலூட்டிகளின் பெருமூளைப் புறணி இன்றியமையாதது என்றும், அது மீனுக்கும் நண்டுக்கும் கணவாய்க்கும் இல்லாமையால் அவை வலியை அறியா என்றும் சில ஆய்வாளர் வாதிடுகின்றனர். இவ்வேறுபாடு மெய்யானது, எளிதில் தள்ளிவிடத் தக்கதன்று. ஆனால் புறணியே இல்லாமல் பறவைகள் சிக்கலான அறிவுச் செயல்களைச் செய்வதும், கணவாயின் மூளை நம் மூளையோடு தொடர்பின்றித் தனியே கிளைத்து வளர்ந்தும் கற்பதற்கும் நினைவுக்கும் உரியதாய் இருப்பதும், ஒரே பணியை வெவ்வேறு உறுப்புகள் நிறைவேற்றக்கூடும் என்பதைக் காட்டுகின்றன.

ஆகவே நடத்தையிலிருந்தே சான்று தேட வேண்டியுள்ளது. ராபின் குரூக் 2021இல் வெளியிட்ட ஆய்வில், ஒரு கையில் எரிச்சலூட்டும் அமிலம் செலுத்தப்பட்ட கணவாய்கள் தாம் முன்பு விரும்பிய அறையையே, அந்நோவோடு அது தொடர்புபட்டதால் பின்னர்த் தவிர்த்தன. மரத்துப்போகச் செய்யும் மருந்து கிடைத்த அறையை நாடின. புண்பட்ட இடத்தின் தோலை அலகால் கொத்தி அகற்றின. ராபர்ட் எல்வுட் ஆராய்ந்த துறவி நண்டுகள், அதாவது கைவிடப்பட்ட சங்குக்கூட்டைத் தம் வீடாகக் கொள்ளும் நண்டுகள், மின்னதிர்ச்சி பெற்றபோது விருப்பமற்ற கூட்டை எளிதாகவும் விரும்பிய கூட்டைத் தயக்கத்தோடும் விட்டு நீங்கின. தானாக நிகழும் அனிச்சைச் செயல் வீட்டின் தரத்தை எடைபோடாது. நோவையும் இழப்பையும் ஒப்பிட்டுத் தெரிவு செய்யும் உயிருக்குள் அந்த நோவு ஏதோ ஒரு வடிவில் பொருட்டாக இருக்கிறது என்று கொள்வதே நேர்மையான முடிவாகும்.

இத்தகைய சான்று ஐயத்தை முற்றும் நீக்காது. மற்றொரு மனிதரின் வலியைப் பற்றியும் முழு உறுதி எவருக்கும் கிடைப்பதில்லை. ஐயம் நிலவும் இடத்தில் அறம் எப்பக்கம் சாய வேண்டும் என்பதற்குச் சமண நூலாகிய ஆசாராங்க சூத்திரம் ஒரு வழி காட்டுகிறது: மண்ணை உடலாகக் கொண்ட ஓரறிவுயிரின் துன்பத்தைக் கண்ணற்ற ஒருவர் வெட்டுண்டு படும் துன்பத்தோடு அது ஒப்பிடுகிறது. புலன் குறைந்ததாலோ, வெளிப்படுத்த இயலாததாலோ நோவு இல்லாமற்போவதில்லை என்பதே அதன் உட்கிடை. திருக்குறளின் இன்னா செய்யாமை அதிகாரமும், பிற உயிரின் நோயைத் தன் நோய்போல் கருதிக் காவாதவிடத்து ஒருவர் பெற்ற அறிவால் விளைந்த பயன் யாது என்று வினவுகிறது. அறிவின் ஏணியில் மேற்படியில் நிற்பவருக்கு அந்த நிலை உரிமையைக் காட்டிலும் கடனையே கூட்டுகிறது என்று இக்குறளை வாசிப்பதில் பிழையில்லை.

சட்டங்கள் இப்பக்கம் மெல்ல நகர்ந்துள்ளன. கொதிநீரில் கல்லிறாலை உணர்வோடு இடுவதை சுவிட்சர்லாந்து 2018இல் தடைசெய்தது. லண்டன் பொருளாதாரப் பள்ளியில் ஜொனாதன் பிர்ச் தலைமையிலான குழு முந்நூறுக்கும் மேற்பட்ட ஆய்வுகளைச் சீர்தூக்கி 2021இல் அளித்த அறிக்கைக்குப் பின், பிரிட்டனின் 2022ஆம் ஆண்டுச் சட்டம் கணவாயினங்களையும் நண்டு, இறால் இனங்களையும் உணர்வுடைய உயிர்களாக ஏற்றது. தனித்து வாழ்பவையும் தம்முள் ஒன்றையொன்று தின்னக்கூடியவையுமான பேய்க்கணவாய்களைப் பண்ணையில் அடைத்து வளர்ப்பதை அமெரிக்காவின் வாஷிங்டன், கலிபோர்னியா மாநிலங்கள் 2024இல் விலக்கின. இந்தியாவின் 1960ஆம் ஆண்டு விலங்குவதைத் தடுப்புச் சட்டம் மனிதரல்லாத எந்த உயிரினத்தையும் விலங்கு என்றே வரையறுப்பதால், சொல்லளவில் நண்டும் இறாலும் தொடக்கமுதலே அதன் காப்புக்குள் உள்ளன. உணவுக்காகக் கொல்வதை அது விலக்கவில்லை எனினும், தேவையற்ற துன்பம் தருவதற்கு அந்த விதிவிலக்கு பொருந்தாது.

இவ்வரையறை செயலளவில் சோதிக்கப்பட வேண்டிய இடம் இறால் வளர்ப்பாகும். 2009இல் வெனாமி இறால் அறிமுகமான பின் இந்தியா உலகின் முன்னணி வளர்ப்பிறால் நாடுகளுள் ஒன்றாயிற்று. இறாலின் கண்காம்பில் சினைப்பை முதிர்வதைத் தடுக்கும் இயக்குநீர் சுரப்பதால், தாய் இறால் விரைந்து முட்டையிடும்பொருட்டு அதன் ஒரு கண்காம்பை வெட்டுவதோ நசுக்குவதோ உலகின் குஞ்சு பொரிப்பகங்களில் பரவலான வழக்கம். வெட்டும் இடத்தில் மரத்துப்போகும் மருந்தைத் தடவியபோது வெனாமி இறாலின் துடிப்பு குறைந்ததை ஆய்வுகள் பதிவு செய்துள்ளன. வெட்டாமலேயே தாய் இறாலை முதிரச் செய்யும் முறைகளும் கைக்கொள்ளப்பட்டு வருகின்றன. மாற்றுவழி இருக்கும்போது மேற்கொள்ளப்படும் இச்செயலைத் தேவையான துன்பம் என்று நியாயப்படுத்த, சட்டத்திலும் இடமில்லை, சட்டத்துக்கு நெடுங்காலம் முன்பே பேசிய அறநூல்களிலும் இடமில்லை.