பிள்ளையின் காய்ச்சலும் தாயின் விசுவாசமும்



நம்ம சபைத் தாய்மார் கூடுகிற இடத்தில் அடிக்கடி எழும்புகிற கேள்வி இது: "புள்ளைக்கு மேலு கொதிக்குது. நானும் ஜெபிச்சிட்டேன், ஐயாவும் எண்ணெய் பூசி ஜெபிச்சிட்டாங்க. இனி ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டுப் போனா அவிசுவாசம் ஆகாதா அக்கா?" ஒரு பக்கம் பிள்ளையின் உயிர், மறுபக்கம் தன் ஆத்துமா என்று நடுவில் நின்று தவிக்கிறவளின் கேள்வி இது. வேத வெளிச்சத்தில் நிதானமாய்ப் பார்ப்போம்.

நம் தேவன் சுகமளிக்கிற தேவன். அதில் நமக்கு இரண்டு எண்ணம் கிடையாது. மூத்த பரிசுத்தவான்கள் பலர் மருந்தையே தொடாமல் ஓட்டத்தை முடித்தார்கள். அவர்கள் விசுவாசத்தைக் குறைத்துப் பேச எனக்கு நாவில்லை. ஆனால் அவர்கள் பலிபீடத்தில் வைத்தது தங்கள் சொந்த சரீரத்தை. மூன்று வயதுப் பிள்ளைக்கு அப்படித் தீர்மானிக்கத் தெரியுமா? என் விசுவாசத்துக்கு நான் விலை கொடுக்கலாம். அந்த விலையைப் பிள்ளையிடமிருந்து எடுத்துக் கொடுக்க எனக்கு அதிகாரம் உண்டா?

ஆபிரகாம் ஈசாக்கைக் கொடுக்கவில்லையா என்பீர்கள். அங்கே கேட்டவர் தேவன். கடைசி நிமிஷத்தில் கத்தியைத் தடுத்தவரும் அவரே (ஆதி. 22). அவர் கேட்காததை நாமாய்க் கொண்டுபோய் வைப்பது விசுவாசம் ஆகாது.

நம்ம ஜில்லாவிலேயே ஒரு தாயின் சாட்சி உண்டு. அயர்லாந்திலிருந்து வந்து, 1901 முதல் டோனாவூரில் தங்கி, நூற்றுக்கணக்கான பிள்ளைகளுக்கு அம்மாவான ஏமி கார்மைக்கேல் அம்மையாரைத்தான் சொல்லுகிறேன். பணத்துக்காக மனுஷர் முகத்தைப் பார்க்காமல், தேவைகளைத் தேவனிடத்தில் மட்டும் சொல்லி ஊழியம் செய்தவர்கள். ஆரம்ப நாட்களில் டோனாவூரில் டாக்டர் வசதி இல்லை. அப்போது நலிந்த கைக்குழந்தைகளுக்காக, மிஷன் ஆஸ்பத்திரி இருந்த நெய்யூரிலேயே ஒரு குழந்தைகள் இல்லம் வைத்து, பொன்னம்மாள் என்ற விசுவாசமுள்ள சகோதரியைப் பொறுப்பாய் வைத்தார்கள். பணத்துக்குத் தேவனை மட்டும் நம்பினவர்கள், குழந்தைகளை டாக்டருக்குப் பக்கத்தில் வைத்தார்கள். அது அவிசுவாசமா? அந்த ஜெப வாழ்க்கையை அறிந்த யாரும் அப்படிச் சொல்ல மாட்டார்கள்.

வேதமும் அதையே சொல்லுகிறது. எசேக்கியா ராஜாவுக்கு ஆயுசு கூட்டிக் கொடுத்த தேவன், பிளவைக்கு அத்திப்பழ அடை வைக்கச் செய்தார் (2 இராஜா. 20). பவுலோடு ஊழியம் செய்த லூக்கா வைத்தியன் (கொலோ. 4:14). ஆசா ராஜாவின் குற்றம் வைத்தியரைத் தேடினதல்ல, கர்த்தரைத் தேடாமல் வைத்தியரை மட்டும் தேடினது (2 நாளா. 16:12). ஆகவே ஜெபிக்காமல் மாத்திரையை விழுங்குகிறவர்களும் இந்த வசனத்துக்குப் பயப்பட வேண்டும்.

வீட்டுக் காரியத்துக்கு வருவோம். 2012-ல் நம்ம திருநெல்வேலி ஜில்லாவை டெங்கு காய்ச்சல் கலக்கினதை மறந்திருக்க மாட்டோம். அந்தக் கொசு சாக்கடையைத் தேடுவதைவிட வீட்டில் பிடித்து வைக்கிற நல்ல தண்ணீரைத்தான் தேடும், பகலில் கடிக்கும். தாமிரபரணி ஓடுகிற ஜில்லாவானாலும் குழாயில் தினமும் தண்ணீர் வராத தெருக்கள் உண்டு. அதனால் டிரம்மிலும் சிமெண்டுத் தொட்டியிலும் பிடித்து வைக்கிறோம். கர்த்தர் காப்பார் என்று பாடிக்கொண்டே தொட்டியைத் திறந்து போட்டால், அது தேவாலய உப்பரிகையிலிருந்து குதிக்கச் சொன்ன சத்துருவின் ஆலோசனைக்குச் சமம் (மத். 4). மூடி வையுங்கள், வாரம் ஒருதரம் தேய்த்துக் கழுவுங்கள்.

டெங்குவில் இன்னொன்று. காய்ச்சல் இறங்கின உடனே, "ஸ்தோத்திரம், சுகமாயிற்று" என்று சாட்சி சொல்ல ஓடாதீர்கள். பலருக்கு ஆபத்து துவங்குகிற நேரமே அதுதான். கடும் வயிற்றுவலி, ஓயாத வாந்தி, பல் ஈறில் ரத்தம், பிள்ளை துவண்டு போவது, இதில் ஒன்றைக் கண்டாலும் உடனே ஆஸ்பத்திரிக்குத் தூக்குங்கள். டாக்டரைக் கேட்காமல் ஆஸ்பிரின், புரூஃபன் மாத்திரை கொடுக்க வேண்டாம். போகிற ஆட்டோவிலேயே ஜெபிக்கலாம். ஜெபத்தைக் கேட்கிறவர் அங்கேயும் இருக்கிறார்.

யவீருவின் மகளை ஆண்டவர் மரணத்திலிருந்து எழுப்பினார். அடுத்து என்ன சொன்னார்? அவளுக்குச் சாப்பிடக் கொடுக்கச் சொன்னார் (மாற்கு 5:43). மரித்தவளை எழுப்பினவருக்குப் பசியை மட்டும் தீர்க்கத் தெரியாதா? அந்த வேலையை வீட்டாருக்கு விட்டுவைத்தார். அற்புதம் அவருடையது, கஞ்சி நம்முடையது. தண்ணீரைக் கொதிக்க வைப்பதும், ராத்திரி முழிச்சிருந்து நெற்றியைத் தொட்டுப் பார்ப்பதும் அவர் தாயின் கையில் கொடுத்த ஊழியம்.

கடைசியாய் ஒரு கனமான காரியம். ஜெபித்தும், மருந்து கொடுத்தும் சுகம் வராத வீடுகள் உண்டு. அங்கே போய், "உனக்கு விசுவாசம் பத்தல" என்று சொல்லாதேயுங்கள். யோபின் சிநேகிதர் அப்படிப் பேசித்தான் கர்த்தருடைய கோபத்துக்கு ஆளானார்கள். பவுல் துரோப்பீமுவை வியாதியாகவே மிலேத்துவில் விட்டுவர நேர்ந்தது (2 தீமோ. 4:20). ஏமி அம்மையார் 1931 அக்டோபரில் களக்காட்டில் ஒரு குழியில் விழுந்து கால் முறிந்தார்கள். எத்தனையோ பேர் ஜெபித்தார்கள். ஆனாலும் 1951 ஜனவரியில் கர்த்தரிடத்தில் சேரும்வரை, ஏறக்குறைய 20 வருஷம், பெரும்பாலும் அறைக்குள்ளேயே கழிந்தது. அந்தப் படுக்கையிலிருந்தே எத்தனையோ புத்தகங்கள் எழுதி, வியாதியஸ்தரைத் தேற்றினார்கள். அவர்களுக்கு விசுவாசம் குறைவு என்று யார் சொல்லக்கூடும்?

ஆகையால், பிரியமான தாய்மாரே, முழங்காலில் நில்லுங்கள்; எழுந்து பிள்ளையைத் தூக்கிக்கொண்டும் போங்கள். இரண்டையும் செய்கிறவளின் விசுவாசம் பாதி விசுவாசம் அல்ல. சுகமானால் மகிமை கர்த்தருக்கே. தாமதமானாலும் அவர் நம்மைக் கைவிடுகிறவர் அல்ல. கர்த்தர் தாமே உங்கள் வீடுகளையும், உங்கள் பிள்ளைகளையும் ஆசீர்வதித்துக் காப்பாராக. ஆமென். அல்லேலூயா!