கங்கையின் வாகனத்துக்கு ஆறு எங்கே?

போன ஆடி மாதம் புந்தோங்கில் எங்கள் கோயிலில் கோத்தோங் ரோயோங். எனக்குக் கிடைத்த வேலை, திருவாசியைப் புளி போட்டுத் தேய்ப்பது. கூடத் தேய்த்துக்கொண்டிருந்த தேவார வகுப்புப் பையன், திருவாசி தொடங்கும் இடத்தில் வாயைப் பிளந்தபடி இருந்த முகத்தைக் காட்டி, "அண்ணே, இது என்னா?" என்று கேட்டான்.

"மகரம்டா. முதலை மாதிரி. கங்கையம்மா ஏறி வர்ற வாகனம்."

"இப்ப எங்க இருக்கு?"

எனக்குப் பதில் தெரியவில்லை. "மொதல்ல தேய்டா" என்று சமாளித்துவிட்டேன். ஆனால் கேள்வி என்னை விடவில்லை. வீட்டுக்கு வந்து தேடிப் படித்தேன்.

மகரம் கற்பனை கலந்த உருவம்தான். துதிக்கை, மீன் வால் என்று சிற்பிக்குச் சிற்பி மாறும். ஆனால் அதற்கு நெருங்கிய சொந்தமாகப் பலர் சொல்லும் உயிர் ஒன்று வட இந்திய ஆறுகளில் உண்டு. பெயர் கரியல். நீண்டு ஒடுங்கிய மூக்கு. வளர்ந்த ஆணுக்கு மூக்கு நுனியில் சின்னப் பானை கவிழ்த்ததுபோல் ஒரு புடைப்பு. மீன்தான் அதன் சாப்பாடு. மனிதரை வேட்டையாடும் முதலை அல்ல.

1970களின் நடுவில் கணக்கெடுத்தபோது, காட்டில் மிஞ்சியிருந்தவை 200க்கும் குறைவு. 1975இல் இந்திய அரசு முதலைப் பாதுகாப்புத் திட்டத்தைத் தொடங்கியது. ஆற்றங்கரை மணலிலிருந்து முட்டைகளை எடுத்துவந்து, பொரிக்க வைத்து, குஞ்சுகள் ஒரு மீட்டருக்கு மேல் வளர்ந்ததும் ஆற்றில் விட்டார்கள். முப்பது ஆண்டுகளில் விட்டது 5,000க்கும் மேல். இவ்வளவு விட்டால் ஆறு நிறைந்திருக்க வேண்டுமே? 2006இல் எண்ணிப் பார்த்தால், இனப்பெருக்கம் செய்யும் வயதில் இருந்தவை மறுபடியும் 200க்கும் குறைவு. 2007இல் அதை 'மிக அருகிய இனம்' என்று அறிவித்தார்கள். அந்தக் குளிர்காலத்திலேயே சம்பல் ஆற்றில் 100க்கும் மேற்பட்ட கரியல்கள் சிறுநீரகம் கெட்டுச் செத்து ஒதுங்கின.

என்னை உலுக்கியது இந்த எண்ணிக்கைகூட இல்லை. இன்று கரியல்களில் பெரும்பாலானவை வாழ்வது இந்தச் சம்பலில்தான். சம்பல் திரௌபதியின் சாபம் பெற்ற ஆறு என்று ஒரு கதை உண்டு. அதனால் அதன் கரையில் பெரிய தீர்த்தங்களோ கூட்டமோ சேரவில்லை; ஓரளவு சுத்தமாகவே ஓடியது. நாம் தினமும் கும்பிடும் கங்கையிலோ, அந்தத் தாயின் வாகனம் ஏறக்குறைய இல்லாமலே போனது. புனிதம் என்று சொன்ன ஆற்றில் வாழ முடியவில்லை, சாபம் என்று ஒதுக்கிய ஆற்றில் பிழைத்திருக்கிறது. நண்பர்களே, இதற்கு நாம் என்ன பதில் சொல்லப் போகிறோம்?

இந்தக் கதையைப் பாட்டியிடம் சொன்னேன். முதலில் கோபப்பட்டார். "முதலைய வளத்து ஆத்துல விடுறானுங்களா? பிள்ளைங்க குளிக்கிற எடத்துல?" மீன் தின்னும் முதலை என்று விளக்கியதும் அடங்கினார். ஐயாயிரம் விட்டும் மிஞ்சவில்லை என்றபோது கொஞ்ச நேரம் பேசவில்லை. பாட்டி சுங்கை சிப்புட் பக்கம் ஒரு தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர். தோட்டத்தை விற்றதும் புந்தோங் பிளாட்டுக்கு வந்தவர்.

"எங்களுக்கும் வீடு குடுத்தாங்கய்யா. மாடு கட்ட எடமில்ல, கீரை போட எடமில்ல, லயத்துல கூட இருந்த ஆளுங்க ஒருத்தரும் பக்கத்துல இல்ல. கொண்டாந்து எறக்கிவிட்டா போதுமா? பொழைக்க வேணாமா?"

அறிவியலாளர்கள் பல ஆண்டுகள் ஆராய்ந்து சொன்னதும் ஏறக்குறைய இதுதான். கரியலுக்கு வேண்டியது ஓடும் ஆழமான தண்ணீர், வெயில் காய மணல் திட்டு, முட்டையிட மணல் கரை. அணை கட்டித் தண்ணீரை நிறுத்தி, மணலை லாரி லாரியாக அள்ளிவிட்டு, ஆயிரம் குஞ்சுகளைக் கொண்டுபோய் விட்டால் அது திருப்பிக் கொடுத்ததாகுமா? தோஷத்துக்குப் பரிகாரம் செய்துவிட்டு மறுநாளே அதே தப்பைச் செய்வது மாதிரிதான்.

பிறரைக் குறை சொல்லிவிட்டு நான் தப்பிக்க முடியாது. நான் சிவில் இன்ஜினியரிங் மூன்றாம் ஆண்டு. பயிற்சிக்குப் போன இடத்தில் ஒரு சிற்றாற்றுக்குக் காங்கிரீட் கரை போடும் வரைபடத்தை வரைந்தேன். வளைவை நேராக்கினேன், மணல் திட்டை அழித்தேன். பாராட்டு கிடைத்தது. மழைக்கு வீட்டுக்குள் தண்ணீர் ஏறும் மக்களுக்கு அந்தச் சுவர் தேவைதான், மறுக்கவில்லை. ஆனால் அந்த மணலில் யார் வாழ்கிறார்கள் என்று யாரும் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை. அந்தக் கேட்காத குணத்தைத்தான் தப்பு என்கிறேன்.

இன்னொரு கேள்வியும் இருக்கிறது. சம்பல் கரையில் வலை வீசியும், வெள்ளரி, தர்பூசணி பயிரிட்டும் பிழைக்கும் ஏழைகளிடம் போய், "முதலைக்காக இதை நிறுத்து" என்று சொல்ல நமக்கு என்ன உரிமை? நம் தர்மத்துக்கான விலையை இன்னொருத்தர் வயிறு கட்டக்கூடாது. உயிரைக் காப்பது எல்லோருடைய கடன் என்றால், அந்த ஏழைக்கு மாற்று வழி காட்டும் செலவும் எல்லோருடைய கடன்தான்.

இது எங்கோ வடக்கே நடக்கும் கதை என்று நினைக்க வேண்டாம். புந்தோங்கை ஒட்டி ஓடும் சுங்கை பாரி கிந்தாவில் கலக்கிறது. கிந்தா பேராக் ஆற்றில் கலக்கிறது. அந்தப் பேராக் ஆற்றங்கரையில் போத்தா கானானில், துந்தோங் என்ற ஆற்று ஆமையின் முட்டைகளைப் பொரிக்கவைத்து, வளர்த்து ஆற்றில் விடுகிறார்கள். அதுவும் மிக அருகிய இனம்தான். அதற்கும் மணல் கரைதான் வேண்டும். நாமோ பூசை முடிந்ததும் மாலை, கற்பூர டப்பா, பிளாஸ்டிக் பை எல்லாவற்றையும் 'ஆத்துல போட்டா புண்ணியம்' என்று போட்டுவிட்டு வருகிறோம்.

அவினாசியில் முதலை விழுங்கிய பிள்ளையைச் சுந்தரர் பதிகம் பாடி மீட்ட கதை நமக்குத் தெரியும். அந்த முதலை பிள்ளையை வெறுமனே திருப்பிக் கொடுக்கவில்லை. போன ஆண்டுகளின் வளர்ச்சியையும் சேர்த்தே கொடுத்தது. இப்போது விழுங்கியிருப்பது நாம். நாம் திருப்பித் தரவேண்டியதும் வெறும் குஞ்சுகளை இல்லை; அவை வளர்வதற்கான ஆற்றையும் சேர்த்துத்தான்.

இந்த ஆண்டு எங்கள் இளைஞர் பிரிவு ஒரு சின்ன முடிவு எடுத்தது. திருவிழா முடிந்து கோயிலிலிருந்து ஒரு பையும் ஆற்றுக்குப் போகாது. பூவெல்லாம் கோயில் பின்பக்கம் உரக்குழிக்கு. முதல் நாளே, "காலங்காலமா செய்யறத மாத்தறீங்களா?" என்று ஒரு பெரியவர் சத்தம் போட்டார். பதிலுக்குச் சத்தம் போடாமல், அவரைத் திருவாசி பக்கம் அழைத்துப்போய் மகரத்தைக் காட்டி, பையன் என்னிடம் கேட்டதையே கேட்டேன்: "ஐயா, இது இப்ப எங்க இருக்கு?"

அவரும் பதில் சொல்லவில்லை. ஆனால் கையிலிருந்த மாலையை உரக்குழியில் போட்டுவிட்டுப் போனார்.