அந்திப்பொழுது யாருடையது?

உழைப்பு உயர்ந்தது என்று முழங்காத மேடை இல்லை. எழுதாத ஏடு இல்லை. உழைத்தவனுக்கு ஊதியம் வேண்டும் என்பதையும் இன்று எவரும் வாய்விட்டு மறுப்பதில்லை. ஆனால் உழைப்பு எங்கே தொடங்குகிறது? எங்கே முடிகிறது? மரம் சாய்ந்ததும் மரம் வெட்டுவோனின் வேலை முடிந்துவிடுகிறதா? 'இதிலே என்ன தத்துவம் இருக்கிறது?' என்று ஏளனம் பேசுவோர் உண்டு. இருக்கிறது, தோழர்களே! மனிதனுடைய நேரம் மனிதனுக்குச் சொந்தமா என்னும் பெரிய கேள்வி, இந்தச் சிறிய கேள்விக்குள்ளேதான் அடங்கிக் கிடக்கிறது.

தாம்பரத்திலிருந்து முடிச்சூர் வழியாகத் திருப்பெரும்புதூர் செல்லும் சாலையிலே இருக்கிறது மணிமங்கலம். ஏழாம் நூற்றாண்டிலே பல்லவன் நரசிம்மவர்மன், சாளுக்கியன் புலிகேசியை முறியடித்த களங்களுள் அதுவும் ஒன்று. கூரம் செப்பேடு அந்த வெற்றியைப் பொறித்து வைத்திருக்கிறது. வென்றவன் பெயர் இருக்கிறது. தோற்றவன் பெயரும் இருக்கிறது. படை நடக்கப் பாதை வகுத்த பாட்டாளியின் பெயரை எந்தச் செப்பேட்டிலே தேடுவது?

இன்று அந்த வட்டாரத்திலே வேறு படைகள் நடக்கின்றன. இருங்காட்டுக்கோட்டை, திருப்பெரும்புதூர், ஒரகடம், வல்லம் வடகால் என்று தொழிற்பூங்காக்கள் வளர்ந்துவிட்டன. காரும் கண்ணாடியும் கைப்பேசியும் அங்கே உருவாகின்றன. சாலை அகலமாகவேண்டுமா, மனை பிரியவேண்டுமா, மின்கம்பி செல்லவேண்டுமா, முதலில் அங்கே போகவேண்டியவன் மரம் வெட்டுவோன். 2016 டிசம்பர் 12 அன்று வர்தா புயல் கரை கடந்தபோது, சென்னையிலும் சுற்றுப்புறத்திலும் ஆயிரக்கணக்கான மரங்கள் வேரோடு வீழ்ந்தன. அன்று ஊரே அவனைத் தேடிற்று. வழி திறந்தது, ஊர் அவனை மறந்தது!

ஆலைக்குள்ளே ஓர் எந்திரம் நின்றுவிட்டால் என்ன நடக்கிறது? பராமரிப்புப் பிரிவினர் ஓடி வருகின்றனர். கழற்றுகின்றனர், பூட்டுகின்றனர். அவர்களுக்குச் சம்பளம் உண்டு. எந்திரத்தைச் சீர்செய்யும் நேரம் வேலை நேரமே என்பதிலே எந்த நிர்வாகிக்கும் ஐயம் கிடையாது. ஆனால் அதே ஆலைக்கு வெளியே, சாலையோரப் புளியமரத்தை அறுப்பவனின் சங்கிலி ரம்பம் – அவர்கள் 'மிஷின்' என்று சொல்வது – நின்றுவிட்டால்? அது அவன் பாடு! அவன் வீட்டுத் திண்ணையின் பாடு!

அந்தத் திண்ணையிலே நடப்பது சின்ன வேலையா? சங்கிலியின் பல் ஒவ்வொன்றையும் உருண்டை அரத்தால் ஒரே சாய்விலே தீட்டவேண்டும். ஒரு பக்கத்துப் பற்கள் மட்டும் மழுங்கியிருந்தால் அறுப்பு கோணிப்போகும். காற்று வடிகட்டியிலே அடைந்த தூளை அகற்றவேண்டும். பெட்ரோலோடு கலக்கும் எண்ணெயின் அளவு குறைந்தால் பிஸ்டன் இறுகிவிடும். கார்புரேட்டர் அடைத்தால் கழற்றவேண்டும். இழுப்புக் கயிறு அறுந்தால் மாற்றவேண்டும்.

செய்யாமல் விட்டால் என்ன? கூரான சங்கிலி மரத்தைச் செதில் செதிலாக உமிழும். மழுங்கிய சங்கிலி மாவுபோலத் தூற்றும். மழுங்கியதை வைத்து அறுப்பவன், இரும்பு செய்யவேண்டிய வேலையைத் தன் தோளால் செய்கிறான். அழுத்த அழுத்தக் கை மரக்கிறது, பிடி தளர்கிறது, விபத்து நெருங்குகிறது. ஆகவே தீட்டுதல் அவனுடைய பொழுதுபோக்கு அல்ல. நாளைய வேலையின் முதற்பாதி, உயிர்க்காப்பும் அதுவே.

அந்த முதற்பாதிக்குக் கூலி கொடுப்பவர் யார்? பேசிய கூலி மரத்துக்குத்தான்! ஒப்பந்தக்காரர் கொடுப்பதில்லை, மனைக்குச் சொந்தக்காரர் கொடுப்பதில்லை. கொடுப்பவர்கள் அவனுடைய மனைவியும் மக்களும்! பணமாக அல்ல, பொழுதாகக் கொடுக்கிறார்கள். அப்பாவிடம் பேச வந்த மகள் கையிலே அரத்தோடு குனிந்திருக்கும் தலையைக் கண்டு திரும்பிப் போகிறாளே, அவள் செலுத்துகிறாள் அந்தக் கூலியை. மரத்தூளும் எண்ணெயும் ஏறிய சட்டையை அடித்துத் துவைக்கிறாளே அவன் துணைவி, அவள் செலுத்துகிறாள். மிஷின் பழுதானால் கடைத்தெருவிலே பட்டறை உண்டு. அவள் உடல் பழுதானால் கவனிக்க யாருக்கு நேரம் இருக்கிறது?

'மிஷின் அவனுடைய சொத்து, அவனே முதலாளி, தன் சொத்தைத் தானே பேணுவதற்குப் பிறர் கூலி தருவதா?' என்பர் சிலர். கருவி அவனுடையதுதான். வேலை எது, கூலி எவ்வளவு, எந்த நாளிலே முடிக்கவேண்டும் என்று முடிவு செய்யும் உரிமை அவனுடையதா? அதுவன்றோ முதலாளியின் இலக்கணம்! முதலாளியின் செலவு மட்டும் அவனுக்கு, முதலாளியின் உரிமை மற்றவருக்கு என்றால், அந்தப் பட்டத்துக்குப் பெயர் பட்டமா, சுமையா?

'குடும்பத்துக்காகத்தானே பாடுபடுகிறான்?' என்பர் வேறு சிலர். உண்மை. ஆனால் குடும்பத்துக்காக உழைப்பவனைக் குடும்பத்தோடு இருக்கவிடாத ஏற்பாட்டுக்கு அந்த அன்பே சாக்காகிவிடக்கூடாது. இதிலே இன்னோர் ஆபத்தும் உண்டு. அப்பாவுக்கு அரம் எடுத்துக் கொடுக்கும் பையன், நாளடைவிலே சங்கிலி பிடிக்கிறான். பிறகு கிளை இழுக்கப் போகிறான். 1953-இலே பள்ளி நேரத்தைக் குறைத்து, மீதி நேரத்திலே பெற்றோர் தொழிலைப் பிள்ளைகள் பழகட்டும் என்று குலக்கல்வித் திட்டம் வந்தபோது நாடே கொதித்தது. 1954-இலே திட்டம் வீழ்ந்தது. திட்டமாக வந்ததைத் துரத்தினோம். வறுமையின் வடிவிலே திண்ணையில் வந்து உட்கார்ந்தால் வாளாவிருப்பதா?

'எல்லாம் அவன் தலையெழுத்து' என்று மூன்றாவதாக ஒரு பதில் கிடைக்கும். அந்தப் பதிலின் திருவிழாவே ஆயுத பூசை. மிஷினுக்குச் சந்தனம், குங்குமம், மாலை! சங்கிலி ஓடும் இரும்புப் பட்டையின் நுனி மரத்திலே இடித்து, எந்திரம் முகத்தை நோக்கி எகிறும் நொடியிலே காப்பது எலுமிச்சம்பழமா? சங்கிலியை உடனே நிறுத்தும் தடையும், தலைக்கவசமும், முகத்திரையும் அல்லவா? கருவிக்கு ஆண்டிலே ஒரு நாள் ஓய்வு கொடுத்தார்கள். கருவி பிடிப்பவனுக்கு எந்த நாள்?

நேரம் என்பது விதி தந்ததல்ல. மனிதர் வாதாடிப் பெற்றது. எட்டு மணி உழைப்பு, எட்டு மணி பொழுதுபோக்கு, எட்டு மணி ஓய்வு என்று ராபர்ட் ஓவன் 1817-இலேயே கேட்டார். 1886-இலே சிகாகோ தொழிலாளர் அதற்காகக் குருதி சிந்தினர். 1923-இலே சென்னையிலே சிங்காரவேலர் இந்தியாவின் முதல் மே நாளைக் கொண்டாடினார். 2023 ஏப்ரலிலே 12 மணி நேர வேலைக்கு இடமளிக்கும் திருத்தம் தமிழ்நாட்டுச் சட்டமன்றத்திலே நிறைவேறியபோது எதிர்ப்பு மூண்டது; அந்த மே நாளன்றே அது திரும்பப் பெறப்படுவதாக அறிவிக்கப்பட்டது. நல்லது. ஆனால் அந்த வெளிச்சம் ஆலைச் சுவரோடு நின்றுவிடலாமா?

சுவருக்கு அப்பால் இருட்டு எவ்வளவு அடர்ந்தது என்பதை 2019 ஜூலையிலே கண்டோம். காஞ்சிபுரம், வேலூர் மாவட்டங்களிலே மரம் வெட்டும் இடங்களிலிருந்து 42 பேர் கொத்தடிமைகளாக மீட்கப்பட்டனர். குழந்தைகளும் அவர்களிலே இருந்தனர். இருளர் குடும்பங்கள்! கொத்தடிமை முறையை ஒழிக்கும் சட்டம் 1976-இலேயே வந்துவிட்டது. அதற்குப் பிறகு 43 ஆண்டுகள் கழித்து இந்தக் காட்சி! அவர்களுக்கு அந்தியும் இல்லை, விடியலும் இல்லை. கடன் வாங்கிய நாளிலிருந்து பொழுது முழுவதும் கடன் கொடுத்தவனுக்கே சொந்தம். திண்ணையிலே இரண்டு மணி நேரம் பறிபோவதும், வாழ்நாள் முழுவதும் பறிபோவதும் ஒன்றல்ல. ஆனால் ஏழையின் நேரத்துக்கு விலையில்லை என்ற ஒரே எண்ணந்தான் இரண்டுக்கும் தாய்.

அந்த எண்ணத்தை அறிவு மாற்றும். 1940-களிலே அமெரிக்காவின் ஓரிகன் பகுதியிலே ஜோசப் காக்ஸ் என்னும் மரத் தொழிலாளி, அக்காலத்துச் சங்கிலியைத் தீட்டித் தீட்டியே நேரம் வீணாவதைக் கண்டு சலித்தார். வரம் கேட்டுத் தவம் கிடக்கவில்லை. வெட்டிய மரத்தண்டிலே வண்டின் புழு இடமும் வலமும் மாறி மாறிக் கடித்து முன்னேறுவதை உற்று நோக்கினார். அந்தத் தாடையின் அமைப்பைக் கொண்டு புதிய சங்கிலியை வடித்தார். இன்றைய சங்கிலிக்கு மூலம் அதுவே. தொழிலாளியின் நேரத்தை மிச்சப்படுத்தப் பிறந்த கருவி அது! மிச்சமான நேரம் இங்கே யார் கைக்குப் போயிற்று என்பதே நம் கேள்வி.

இளைஞர்களே! செய்யக்கூடியது நிறைய உண்டு. மரத்துக்குக் கூலி பேசும்போதே சங்கிலிக்கும் எண்ணெய்க்கும் தீட்டும் நேரத்துக்கும் சேர்த்துப் பேசும் வழக்கத்தை உண்டாக்குங்கள். வேலை கொடுப்பவர் காப்புக் கருவிகளும் கொடுக்கவேண்டும் என்று கேளுங்கள். உடலுழைப்புத் தொழிலாளருக்காக 1982-இலே தமிழகம் சட்டம் செய்தது. நல வாரியங்கள் வந்தன. படிவம் நிரப்பத் தெரியாதவரை அவ்வாசலுக்கு அழைத்துச் செல்லுங்கள். தொழிற்பயிற்சி நிலையத்திலே கற்ற நம் பிள்ளைகள் ஒரகடத்திலே எத்தனையோ எந்திரங்களைச் சீர்செய்கின்றனர். படிப்பகத்துக்குப் பக்கத்திலே ஒரு பொதுப் பட்டறை அமைத்தால், பத்துக் குடும்பங்களின் அந்தி திரும்பக் கிடைக்காதா?

திரும்பக் கிடைத்த அந்தியை ஆண்மகன் மட்டும் தேநீர்க் கடையிலே செலவழித்தால் பாதி நீதிதான் கிடைத்ததாகும். அவன் வீட்டு வேலையிலே பங்கெடுக்கட்டும். அவள் ஏடு படிக்கட்டும், ஊர்க் கூட்டத்துக்கு வரட்டும். மகள் கேட்க வந்த கேள்விக்கு அப்பா நிமிர்ந்து பதில் சொல்லட்டும். கூலி உயர்வு கேட்பது போலவே அந்த ஒரு மணி நேரத்தையும் உரிமையாகக் கேட்போம்!